மணிமொழி அளந்த மலை

ஆதிமூலம் பெண் எடுத்தது கச்சிராயபாளையத்துப் பக்கம். பெண்ணின் பேர் லட்சுமியம்மாள். அவளுக்குக் கூடப்பிறந்தவன் ஒரே தம்பி, சுப்புராயன். அக்காளுக்குத் தலைச்சன் பெண்ணாகப் பிறந்தது என்று கேட்டதும் வண்டியைப் பூட்டிக்கொண்டு சங்கராபுரத்துக்குக் கிழக்கே இருக்கிற அக்காள் வீட்டுக்கு வந்து, குழந்தையின் இடுப்பில் வெள்ளி அரைஞாணைக் கட்டி, "மணிமொழி" என்று பேரைச் சொன்னவன் அந்தத் தாய்மாமன்தான். ஆதிமூலம் தன்னைப் பெற்றவளின் பேரை வைக்க நினைத்திருந்தார். மைத்துனன் வாயைத் திறந்த பிறகு அவர் பேச்சு எடுபடவில்லை. அந்த வீட்டில் அது எடுபட்ட நாளும் கிடையாது.

ஆதிமூலத்தின் வகையறாவில் பெண்பிள்ளைகள் படித்ததில்லை. அவருடைய தங்கை பெரியநாயகி அஞ்சாவதோடு நின்று திருக்கோவிலூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். மணிமொழியை மேலே படிக்க வைக்கச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றதும் சுப்புராயன்தான். "இந்தக் குட்டி போடற கணக்கு தப்பாது மாமா. இதக் கொண்டுபோய் மாட்டுக் கொட்டாயில கட்டிப்போட்றாதீங்க" என்றார். கடலூரில் படித்தாள், பிறகு சென்னைக்குப் போய்ப் புவியியலில் மேல்படிப்பு முடித்தாள். முடித்த கையோடு அங்கேயே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலையும் கிடைத்தது. வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள் எடுத்த படங்களை வைத்துக் காட்டை அளக்கிற வேலை. அவளுக்கு மேலே இருந்தவர் சிவசங்கர் என்கிற சென்னைக்காரர். அதட்டிப் பேசத் தெரியாத மனிதர்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் ஒரு படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து தாயிடம் காட்டினாள். கல்வராயன் மலையை மேலிருந்து எடுத்த படம். பெரிய தாள் முழுக்கச் செக்கச்செவேல் என்று இருந்தது.

"இன்னாடி இது, மலை பத்திக்கினு எரியுது?" என்று லட்சுமியம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"எரியலம்மா. எல இருக்கிற எடமெல்லாம் இந்தப் படத்துல செவப்பா வரும். எவ்ளோ செவப்போ அவ்ளோ காடு."

"பச்சையப் பச்சைன்னு காட்டாத பொட்டிக்கா ராக்கெட்டு வுடறானுங்க?"

மணிமொழி சிரித்தாளே தவிர விளக்கவில்லை. ஆனால் அந்த வேலையை அவள் விளக்குகிற விதம் ஒன்று இருந்தது. கேட்டவர்கள் பிறகு மறக்கமாட்டார்கள். "ஒரு வேட்டிய நாலாக் கிழிச்சா துணி கொறையாது. ஆனா அத இடுப்புல கட்ட முடியுமா? காடும் அப்படித்தான். எத்தன ஏக்கரு இருக்குதுன்னு மட்டும் பாத்தா போதாது, எத்தன துண்டா இருக்குதுன்னு பாக்கணும்" என்பாள். மலையணில் மரத்துக்கு மரம் தாவியே போகிற பிராணி, தரையில் இறங்கப் பிடிக்காது. நடுவில் வெட்டவெளி விழுந்துவிட்டால் அந்தப் பக்கத்து அணிலுக்கு இந்தப் பக்கத்து அணில் இல்லை. கொண்டு கொடுக்கச் சொந்தம் அற்றுப்போன ஊர் மாதிரி. அந்தத் துண்டுகளை எண்ணுவதும், ஒவ்வொன்றின் ஓரத்தையும் அளப்பதும், கிழித்தது யார் எது என்று கண்டுபிடிப்பதும்தான் அவள் வேலை.

எழுபத்து மூன்றில் எடுத்த படம் ஒன்று, எண்பத்தாறில் எடுத்தது ஒன்று. இரண்டையும் அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேசையில் போட்டு, மேலே மெல்லிய தாளை விரித்து, சிவப்பின் ஓரத்தைப் பென்சிலால் வரைவாள். புதிய படம் தை மாதத்தில் எடுத்தது. காடு நன்றாகவே சிவந்திருந்தது. பழைய படம்தான் தலைவலி. அது மாசிக் கடைசியில் எடுத்தது. மாசியில் மலையில் பாதி மரம் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். கதிர் அறுத்த நிலமும் இலை கொட்டிய மரங்களும் மேலிருந்து பார்த்தால் ஒரே சாம்பல் நிறம். எது எது என்று படம் சொல்லாது. அங்கே இருக்கிறவர்களைத்தான் கேட்க வேண்டும்.

எண்பத்தேழாம் வருசத்துக் கோடையில் அவள் ஜீப்பில் மலை ஏறியது அதற்காகத்தான். ஊர் ஊராகப் போனாள். மேல்நாவலூர் என்கிற மலைக்கிராமத்தில், தினை விதைக்க உழுது போட்டிருந்த மேட்டைக் காட்டி அம்மாசி என்கிற பெரியவரிடம் கேட்டாள்.

"பதினஞ்சு வருசத்துக்கு முன்ன இது இன்னாவா இருந்ததுங்க?"

"காடுதான்."

"இப்ப?"

"இப்பவும் காடுதான்" என்றார் அம்மாசி.

உழுத மண்ணில் நின்றுகொண்டு மனிதர் காடு என்கிறாரே, அரசாங்கத்துக்குப் பயந்து மழுப்புகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பழைய படத்துக்குக் 'காடு' என்றும் புதிய படத்துக்கு 'விளைநிலம்' என்றும் குறித்தாள். கீழே இறங்கும்போது, சாலையோரத்துச் சரிவில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி போட்டிருந்ததைக் காட்டி அவர் மனைவி குஞ்சம்மாளைக் கேட்டாள். "அதுவா? அது முந்தி நல்ல சோலை" என்றாள் குஞ்சம்மாள். மணிமொழி அதைத் 'தோப்பு' என்று குறித்துக்கொண்டாள்.

சென்னையில் கணக்கு முடிந்தது. மேல்நாவலூரைச் சுற்றி ஒரே துண்டாக இருந்த காடு பதின்மூன்று வருசத்தில் நார்நாராகக் கிழிந்துபோனதாகவும், கிழித்தது மலைமக்களின் உழவுதான் என்றும் வரைபடம் சொன்னது. கீழ்ச் சரிவு பழைய தோப்பு, அதனால் அங்கே காடு அழியவில்லை. சிவசங்கர் பாராட்டினார். அறிக்கையைக் கேட்டிருந்த அரசு அலுவலகத்துக்கு அது அடுத்த வாரம் போக வேண்டும், மாதக் கடைசியில் அதன்மேல் கூட்டம். அதை வைத்துத்தான், காட்டை அழித்து உழுகிறவர்கள் யார் யார், யாரை நிலத்தைவிட்டு இறக்குவது என்று முடிவு செய்யப்போவதாக அந்த அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். மேல்நாவலூர் மொத்தமும் அந்தக் கணக்கில் இருந்தது.

புரட்டாசி பிறக்கிற நேரம். சுப்புராயனின் மகளுக்கு வளைகாப்பு. மணிமொழி விடுப்பு எடுத்துக்கொண்டு கச்சிராயபாளையத்துக்கு வந்தாள். மாமன் வீட்டில் அவளுக்குத் தனிக் கவனிப்பு. வந்தவர்களிடமெல்லாம் சுப்புராயன், "எங்க அக்கா பொண்ணு. வானத்துல இருந்து பாத்து நெலம் அளக்குது" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தார். சாயங்காலம் தேங்காய் வெற்றிலை வாங்கச் சந்தைக்குப் போனவள், அங்கே தரையில் சாக்கை விரித்துத் தினையும் கடுக்காயும் விற்றுக்கொண்டிருந்த குஞ்சம்மாளைப் பார்த்தாள்.

"நல்லாருக்கீங்களா? தினை புதுசா?"

"போன வாரம் எங்க காட்டுல அறுத்ததுமா. கை போட்டுப் பாரு."

"காட்டுல தினை எப்படிங்க வெளையும்?"

"காட்டுல வெளையாம வூட்டுக் கூரையிலயா வெளையும்?" குஞ்சம்மாள் பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்துச் சிரித்தாள்.

மணிமொழிக்கு ஏதோ தட்டியது. குனிந்து ஒரு கடுக்காயை எடுத்தாள். "அப்ப இந்தக் கடுக்காயும் உங்க காட்டுல எடுத்ததா?"

"கடுக்கா ஏது காட்டுல? அது சோலையில கெடக்கும். காட்டுல மரத்த வச்சிக்கினு எப்படி ஏர் ஓட்டறது? படிச்ச பொண்ணு கேக்கற கேள்வியப் பாரு!"

மணிமொழி கடுக்காயைக் கையில் வைத்தபடியே நின்றாள். அவள் பிறந்த ஊரில் மழையை நம்பி உழுகிற நிலத்தைக் கொல்லி என்பார்கள். மரம் அடர்ந்தால் அது காடு. மாவோ தென்னையோ நட்டு வளர்த்தால் சோலை, தோப்பு. மலைமேல் இருக்கிறவர்களுக்கோ உழுகிற நிலம்தான் காடு. தானாக முளைத்த மரக்கூட்டம் சோலை. அம்மாசி மழுப்பவில்லை. அன்றைக்கும் இன்றைக்கும் உழுத நிலம்தான் என்று சத்தியத்தைச் சொல்லியிருக்கிறார். அவள் வரைந்த படத்தில் காடு இருந்த இடத்தில் தோப்பும், கொல்லி இருந்த இடத்தில் காடும் தலைகீழாக உட்கார்ந்திருந்தன. அதை நம்பி ஓர் ஊரை மலையைவிட்டு இறக்கப்போகிறார்கள்.

தேங்காயை மறந்துவிட்டு நேராகத் தபால் ஆபீசுக்குப் போய்ச் சென்னைக்கு டிரங்கால் போட்டாள்.

"சார், அறிக்கையை அனுப்பாதீங்க. தப்பா இருக்கு."

"எந்தக் கணக்கும்மா?" என்றார் சிவசங்கர்.

"கணக்கு இல்ல சார். ஒரு வார்த்தை."

அவள் சந்தையில் கேட்டதை முழுக்கச் சொன்னாள். கடைசியில், "சந்தையில ஒரு அம்மா சொன்னாங்கன்னு நான் எப்படி நிறுத்தறது? இடத்துல போய்ப் பார்த்து உறுதி பண்ணிட்டு வாங்க. கூட்டம் வரைக்கும் பிடிச்சு வைக்கிறேன். அதுக்கு மேல என் கையில இல்லை" என்றார்.

போய்ப் பார்க்கலாம் என்றால் மறுநாள் விடியும்போது சாலையே இல்லை. இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று அவர்கள் சாதிச் சங்கம் வடமாவட்டங்கள் முழுக்க அறிவித்திருந்தது. சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, பால் வண்டி இல்லை. கிழக்கே துப்பாக்கிச் சூடு நடந்ததாகச் சேதி வந்து, பெண்கள் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். மலைக்குப் போகிற சாலையில் சாய்ந்து கிடந்த மரத்தின்மேல் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் அன்புச்செல்வன், சுப்புராயனின் மூத்த மகன். படித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுப் போட்டுச் சலித்தவன். மணிமொழிக்கு முறைமாப்பிள்ளை. அந்தப் பேச்சு ஒருகாலத்தில் எழுந்து, இரண்டு பேரும் சிரித்ததில் அடங்கிப்போனது.

"இன்னா மணி, இங்க மரம் சாஞ்சது உன் வானத்துப் பொட்டியில தெரியுதா? தெரிஞ்சா போலீசுக்குச் சொல்லிடாத."

"ரோட்டோரத்து ஒத்த மரமெல்லாம் அதுல வுழாது மச்சான். என்ன மலை அடிவாரத்துல கொண்டுபோய் வுடு."

"நல்லா கேட்டியே! ஊரையே மறிச்சிக்கினு குந்தியிருக்கோம், அத்த பொண்ணுக்கு மட்டும் வழி வுடணுமா? இவனுங்க என்ன கிழிச்சிடுவானுங்க."

கூட இருந்தவர்கள், "வுட்றா மாப்ள, பொண்ணு கேட்டுக்கினு வந்திருக்குது, இதுக்கு மேல இன்னா வேணும்?" என்று கிண்டல் செய்தார்கள். மணிமொழி சிரிக்கவில்லை. "நீங்க இன்னாத்துக்குக் குந்தியிருக்கீங்க? நம்மள யாரோ கணக்குல வுட்டுட்டாங்கன்னுதான? நான் ஒரு ஊரையே கணக்குல தப்பா எழுதிட்டேன் மச்சான். கூட்டத்துக்குள்ள திருத்தலன்னா அவங்கள இறக்கி வுட்டுடுவாங்க" என்றாள்.

அன்புச்செல்வன் கூட இருந்தவர்களைக் கையமர்த்தினான். பிறகு எழுந்து, தன் டிவிஎஸ் வண்டியை மரத்தைச் சுற்றித் தள்ளிக்கொண்டு வந்தான். கரும்பு வயல்களுக்கு நடுவே வரப்பு வரப்பாகப் போய் அடிவாரத்தில் அவளை இறக்கினான். "சாயங்காலம் இங்கயே வந்து நிப்பேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினான். அங்கிருந்து அவள் தன்னந்தனியாகக் குறுக்குப் பாதையில் மலை ஏறினாள். சென்னையில் மேசைமுன் உட்கார்ந்து பழகியவள், நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினாள்.

மேல்நாவலூரில் அவள் செய்த தவறைச் சொன்னதும் அம்மாசி விழுந்து விழுந்து சிரித்தார். "காடுன்னா உனக்குச் சோலைன்னு அருத்தமா? அப்ப சோலைக்கு இன்னா சொல்லுவ?" அதனால் என்ன ஆகும் என்று அவள் சொன்னபோது சிரிப்பு நின்றது.

குஞ்சம்மாள்தான் பேசினாள். "நாங்க சொன்னது ஒண்ணு, நீ கேட்டுக்கினது ஒண்ணு. எழுதறப்ப ஒருக்கா திருப்பிக் கேக்கக் கூடாதா? பொய் சொல்றோம்னு நெனச்சிட்ட, அதான கேக்கல?"

"ஆமாங்க" என்றாள் மணிமொழி.

அதற்கு மேல் யாரும் அவளைத் திட்டவில்லை. எழுந்து வந்து காட்டினார்கள். மேட்டைச் சுற்றி அடுக்கியிருந்த கல்வரிசையில் பாசி ஏறி, கற்கள் மண்ணுக்குள் பாதி இறங்கியிருந்தன. தினை அடிக்கிற பாறைக்களம் மாட்டுக் குளம்பு பட்டுப் பட்டு வழவழவென்று தேய்ந்திருந்தது. ஓரத்தில் நின்ற பலாமரங்கள் ஒரே வரிசையில், நட்ட மரங்கள், இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கிற அளவு. பதினைந்து வருசத்தில் அப்படிப் பருக்க எந்த மரத்தாலும் ஆகாது. மணிமொழி ஒவ்வொன்றையும் அளந்து, படமும் எடுத்துக்கொண்டாள்.

பிறகு கீழ்ச் சரிவுக்கு இறங்கினாள். குச்சிக்கிழங்கு இடுப்பளவு நின்றது. கோடையில் ஜீப்பிலிருந்து பார்த்தபோது தெரியாதது இப்போது நடந்து போகையில் தெரிந்தது. செடி வரிசைகளுக்கு நடுவே எங்கே பார்த்தாலும் கரிந்த அடிக்கட்டைகள். சிலவற்றில் இன்னும் உயிர் போகாமல் துளிர் விட்டிருந்தது. அவள் துளிரைக் கிள்ளிப் பார்த்தாள். கடுக்காய் மரம். அடுத்தது வேங்கை. தோப்பு வைக்கிறவன் வேங்கையும் கடுக்காயும் நடமாட்டான். தார்ச்சாலை வந்தது, சாலையில் லாரி வந்தது, லாரிக்காகக் கிழங்கு வந்தது, கிழங்குக்காகச் சோலை போனது. துண்டு விழுந்தது இங்கேதான், சாலையை ஒட்டினாற்போலவே.

"யாருங்க இதப் போட்டது?" என்று கேட்டாள்.

"எல்லாம் கீழ்நாட்டுக்காரங்கதான். நாலஞ்சு பேரு. இந்தப் பெரிய துண்டு கச்சிராயபாளையத்துச் சுப்புராயனோடது" என்றார் அம்மாசி. சுப்புராயன் அவளுக்கு என்ன உறவு என்பது அம்மாசிக்குத் தெரியாது.

அடிவாரத்தில் அன்புச்செல்வன் சொன்னபடியே நின்றிருந்தான். வண்டியில் ஏறாமல் அவள் முதலில் அதைத்தான் கேட்டாள். "கெழங்குக் கொல்லி உங்க வூட்டுதா மச்சான்?"

"ஆமா. அப்பா எடுத்துப் போட்டது. ஏன்?"

அவள் சொன்னாள். அவன் முகம் மாறியது. "அதையும் எழுதுவியா? எந்த நேரத்துல எழுதற பாரு. இங்க நம்ம சனம் அடிபட்டு ஜெயிலுக்குப் போய்க்கினு இருக்குது, நீ அங்க குந்திக்கினு, காட்ட அழிச்சவனுங்க இவனுங்கதான்னு எழுதிக் குடு. உன்னப் படிக்க வச்சது யாரு? எங்கப்பன் இல்ல?"

"அவருதான். கணக்கு தப்பாதுன்னு சொல்லித்தான படிக்க வச்சாரு? மலை மேல இருக்கிறவங்க பேர எடுத்துட்டா அந்த எடத்துல வேற பேரு வந்துதான் ஆவணும் மச்சான். வெறும் எடமா வுட்டா மறுபடியும் அவங்க தலையிலதான் வந்து வுழும்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். ஆனால் அவளை வீட்டில் இறக்கியதும் அவன்தான். மறியல் முடிந்த அன்றைக்கே, மரத்தை அப்புறப்படுத்தி முதல் பஸ் ஓடியபோது, ஓடிப்போய் அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்ததும் அவன்தான்.

சென்னைக் கூட்டத்தில் சிவசங்கர் அவளையே பேசச் சொன்னார். பழைய வரைபடத்தை மாட்டி, இது தவறு என்று சொல்லித்தான் ஆரம்பித்தாள். அலுவலகத்திலிருந்து வந்தவருக்கு எரிச்சல். "முதல்ல ஒண்ணு வரைஞ்சீங்க, இப்ப அதுவே தப்புங்கறீங்க. மலைக்காரங்க அழிக்கலைன்னா வேற யாருதான் அழிச்சது? காடு தானாவா கிழிஞ்சுது?" என்றார்.

"சாலையை ஒட்டிக் கிழங்கு போட்டவங்க சார். எல்லாரும் கீழே இருக்கிறவங்க."

"பொதுவா சொன்னா ஆச்சா? யாருன்னு தெரியுமா?"

"தெரியும் சார். பெரிய துண்டு சுப்புராயன்ங்கிறவரோடது. எனக்குத் தாய்மாமன்."

அந்த அறையில் அதற்குப் பிறகு அவளைப் பார்த்து யாரும் சந்தேகமாக ஒரு கேள்வி கேட்கவில்லை. மேல்நாவலூர் அந்தக் கணக்கிலிருந்து எடுபட்டது. இன்றைக்கும் அங்கே அந்த மேட்டில் தினையும் சாமையும்தான் விளைகிறது. கீழ்ச் சரிவில் அடுத்த நடவுக்கு யாரையும் விடவில்லை. அவள் அதோடு நிற்காமல், கேள்வி கேட்கிற முறையையே மாற்றினாள். எந்த மலைக்குப் போனாலும் முதல் கேள்வி, "நீங்க எதை என்னன்னு சொல்வீங்க?" என்பதுதான். ஜவ்வாது மலை, பச்சைமலை, கொல்லிமலை என்று எத்தனையோ மலைகளில் பிறகு அவள் அப்படித்தான் வேலை செய்தாள். அவளுக்குக் கீழே வந்த பிள்ளைகளும் அப்படித்தான் செய்தார்கள்.

சொந்தத்தில் அது அவ்வளவு லேசாக முடியவில்லை. லட்சுமியம்மாள் தம்பி வீட்டு வாசலில் போய் நின்று, உள்ளே கூப்பிடாததால் திரும்பி வந்தாள். பொங்கலுக்கு மாமன் வீட்டுச் சீர் வரவில்லை. அன்புச்செல்வன் கல்யாணத்துக்கு ஆதிமூலத்தை மட்டும் அழைத்தார்கள். "பொண்டாட்டி புள்ளைய வுட்டுட்டு நான் மட்டும் போய்த் தின்னுட்டு வர்றதா?" என்று அவரும் போகவில்லை. மைத்துனன் சொல்லுக்கு அவர் எதிராக நின்றது அந்த ஒரு தடவைதான்.

மறுவருசம் மணிமொழி ஊருக்கு வந்திருந்த ஒரு காலையில் சுப்புராயனே வந்து வாசலில் நின்றார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை.

"நீ எழுதனியே, அத ஒருத்தர வுட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். ரெண்டு ஏக்கரு ஜாஸ்தி போட்டுட்ட. நான் வெட்டனது அவ்ளோ இல்ல."

லட்சுமியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். 'தெரியாம எழுதிட்டேன் மாமா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தம்பி உள்ளே வந்துவிடுவான் என்பது அந்தப் பார்வை.

"மேல இருந்து பாக்கறப்ப ஓரத்துல கொஞ்சம் முன்னப்பின்ன வரும் மாமா. படத்துல ஒரு சின்னக் கட்டமே கால் ஏக்கரு. வாங்க, நேர்ல போய் அளந்துடலாம். ஜாஸ்தி இருந்தா என் கையாலயே கொறச்சி எழுதறேன்" என்றாள் மணிமொழி.

போனார்கள். மாமன் நாடாவின் ஒரு முனையைப் பிடித்தார், மருமகள் மறுமுனையைப் பிடித்தாள். நட ஆளில்லாத அந்தச் சரிவில் பழைய அடிக்கட்டைகள் தலையளவு துளிர்த்து நின்றன. அவற்றுக்குள் புகுந்து புகுந்து அளக்க வேண்டியிருந்தது. முடித்துவிட்டு அவள் ஒரு பாறைமேல் உட்கார்ந்து கூட்டினாள். சந்தேகமாக இருந்ததால் இன்னொரு தடவை கூட்டினாள்.

"இன்னா, சொல்லு" என்றார் சுப்புராயன்.

"கம்மியாதான் எழுதியிருக்கேன் மாமா. அரை ஏக்கரு வுட்டுப்போச்சி."

சுப்புராயன் சரிவை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்ப அதையும் சேத்து எழுதிக்க. மாமனாச்சேன்னு வுட்டுட்டாள்னு எவனாவது சொல்லப் போறான்" என்றார்.